உள்ளூரார்க்குச் சலுகைச் சீட்டு: 'உள்ளூரார்' யாரென்று முடிவு செய்வது யார்?

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில், அனஹைம் நகரிலுள்ள டிஸ்னிலேண்ட் பூங்காவின் ஒருநாள் நுழைவுச்சீட்டு, 2024 அக்டோபர் உயர்வுக்குப் பின் நாளைப் பொறுத்து 104 டாலரிலிருந்து 206 டாலர் வரை விற்றது. 2025இன் தொடக்கத்தில் தென்கலிஃபோர்னியாவில் வசிப்போருக்கு மட்டும் மூன்று நாள் சீட்டு 199 டாலருக்கு, அதாவது நாளொன்றுக்குச் சுமார் 67 டாலருக்கு, வழங்கப்பட்டது. வாயிலும் இராட்டினமும் ஒன்றுதான். விலை மட்டும் இரண்டு. இது பாகுபாடா, வணிக உத்தியா, உள்ளூர் மக்களுக்குச் செய்யும் நன்றியா?

கேளிக்கைப் பூங்காவின் சீட்டு விலையை நாம் ஏன் ஆராய வேண்டும் என்ற ஐயம் எழலாம். அந்த நுழைவாயிலை ஆளும் கலிஃபோர்னியச் சட்டத்தில்தான் 'சாதி' என்ற சொல்லைச் சேர்க்க 2023இல் தலித் இயக்கங்கள் போராடின. பொதுக் கேளிக்கை இடங்களில் நுழையும் உரிமை நம் அரசமைப்புச் சட்டத்தின் 15ஆம் உறுப்பிலேயே எழுதப்பட்டுள்ளது. ஆகவே இக்கேள்வி நமக்கு அயலானதன்று.

சலுகையின் கணக்கு

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். உள்ளூர்ச் சலுகை ஈகை அன்று. வெளியூர்ப் பயணி வானூர்திக்கும் விடுதிக்கும் பெருந்தொகை செலவிட்டு வருகிறார். சீட்டு சற்று விலை கூடியதால் அவர் திரும்பிப் போகமாட்டார். உள்ளூர்க்காரர் அப்படியல்லர், விலை கூடினால் வீட்டிலேயே இருந்துவிடுவார், குறைந்தால் கூட்டமில்லாத வார நாளில் வருவார், மீண்டும் மீண்டும் வருவார், உள்ளே உணவுக்கும் பொம்மைக்கும் செலவிடுவார். எனவேதான் இத்தகைய சலுகைகள் பெரும்பாலும் கூட்டம் குறைந்த பருவத்துக்கென அறிவிக்கப்பட்டுக் குறித்த நாளில் முடிந்துவிடுகின்றன. பொருளியலார் இதை விலை வேறுபடுத்தல் என்பர்.

இச்சலுகைக்காக 'உள்ளூர்' எவ்வாறு வரையறுக்கப்படுகிறது என்பது இன்னும் கவனிக்கத்தக்கது. 90000 முதல் 93599 வரையிலான அஞ்சல் குறியீட்டு எண்களில் வசிப்போரே தென்கலிஃபோர்னியர். அத்துடன் எல்லைக்கு அப்பால், மெக்சிகோவின் வடக்கு பாஹா கலிஃபோர்னியாவில் 21000 முதல் 22999 வரையிலான குறியீடுகளில் வசிப்போரும் தகுதியுடையோர். ஆக, அதே மாநிலத்தின் சான்பிரான்சிஸ்கோவாசி உள்ளூரார் அல்லர். வேறு நாட்டின் திஹுவானாவாசி உள்ளூரார். 'உள்ளூர்' என்பது மண்ணில் இயல்பாகக் கிடக்கும் எல்லை அன்று. விற்பவர் வரைந்த கோடு.

சட்டம் எதைத் தடுக்கிறது?

கலிஃபோர்னியாவின் அன்ரூ குடிமை உரிமைகள் சட்டம் 1959இல் இயற்றப்பட்டது. இனம், நிறம், மதம், பால், மூதாதையர் வழி போன்ற காரணங்களால் வணிக நிறுவனங்கள் பாகுபாடு காட்டுவதை அது தடுக்கிறது. நுழைவை மறுத்தால் மட்டுமே பாகுபாடு என்று அச்சட்டம் கருதவில்லை. கோய்ர் எதிர் மெட்ரோ கார் வாஷ் வழக்கில், 'மகளிர் நாள்' என்று பெண்களுக்கு மட்டும் விலை குறைத்தது சட்டமீறல் என்று அம்மாநில உச்சநீதிமன்றம் 1985இல் தீர்ப்பளித்தது. எவரும் நிறைவேற்றக்கூடிய நிபந்தனையின்பேரில் தள்ளுபடி தரலாம். பிறப்பால் அமைந்த அடையாளத்தின்பேரில் தரலாகாது என்பது அதன் சாரம்.

வசிப்பிடம் அச்சட்டத்தின் பட்டியலில் இல்லை. எனவே அஞ்சல் குறியீட்டின் அடிப்படையிலான சலுகையை அதனளவில் சட்டவிரோதம் என்று கூறுவது கடினம். ஆனால் சட்டப் பகுப்பாய்வு அங்கே முடிந்துவிடுவதில்லை.

2023இல் 'மூதாதையர் வழி' என்பதற்குள் சாதியும் அடங்கும் என்று அன்ரூ சட்டம் உள்ளிட்டவற்றில் வெளிப்படையாக எழுதக் கோரிய எஸ்.பி. 403 மசோதா இரு அவைகளிலும் நிறைவேறியது. நடப்புச் சட்டமே போதுமென்று கூறி ஆளுநர் கேவின் நியூசம் அவ்வாண்டு அக்டோபரில் ஒப்புதல் மறுத்தார். பட்டியலில் எந்தச் சொல் இருக்கிறது, எது இல்லை என்பதன் எடையை அந்த மறுப்பு நமக்கு உணர்த்தியது.

முகமூடியாகும் 'உள்ளூர்'

அமெரிக்கக் கேளிக்கைப் பூங்காக்கள் பல, நெடுங்காலம் வெள்ளையர்க்கு மட்டுமே திறந்திருந்தன. பால்டிமோர் அருகிலிருந்த க்வின் ஓக் பூங்கா, நூற்றுக்கணக்கானோர் கைதான போராட்டங்களுக்குப் பிறகே, 1963 ஆகஸ்ட் 28 அன்று கறுப்பின மக்களுக்குத் திறக்கப்பட்டது. வாஷிங்டன் பேரணி நடந்ததும் அதே நாளில்தான்.

1964ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டம் வெளிப்படையான தடையைச் சட்டவிரோதமாக்கியபின், தடை வேறு பெயர்களில் வந்தது. அர்கன்சாவின் லேக் நிக்சன் பூங்கா தன்னை 'உறுப்பினர் மன்றம்' என்று அழைத்துக்கொண்டது. உறுப்பினர் கட்டணம் வெறும் 25 சென்ட். வெள்ளையர் கேட்டவுடன் உறுப்பினராயினர். கறுப்பினத்தவர் எவரும் ஆகமுடியவில்லை. அது மன்றமன்று, பாகுபாட்டை மறைக்கும் சூழ்ச்சி என்று அமெரிக்க உச்சநீதிமன்றம் 1969இல், டேனியல் எதிர் பால் வழக்கில் கூறியது.

வசிப்பிடமே முகமூடியான நிகழ்வும் உண்டு. மிச்சிகனின் டியர்பார்ன் நகரில் அன்று கறுப்பின மக்கள் மிகச் சிலரே. ஒட்டியுள்ள டெட்ராய்ட்டிலோ அவர்களே பெரும்பான்மையினர். நகரப் பூங்காக்கள் நகரவாசிகளுக்கு மட்டுமே என்ற விதியை டியர்பார்ன் வாக்காளர்கள் 1985இல் நிறைவேற்றினர். அவ்விதியில் இனத்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. எனினும் அது யாரை வெளியே நிறுத்தியது என்பது எல்லோருக்கும் தெரிந்தே இருந்தது. கறுப்பின மக்கள் அந்நகரக் கடைகளைப் புறக்கணித்தனர். நீதிமன்றம் விதியைச் செல்லாதென்றது.

குடியிருப்புகள் இனத்தால் பிரிக்கப்பட்ட நாட்டில் முகவரியைக் கேட்பது பல வேளைகளில் இனத்தைக் கேட்பதே ஆகும். ஊர் என்றும் சேரி என்றும் பிரிந்து கிடக்கும் நிலத்தில் வாழும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அடையாள அட்டை என்னும் இரண்டாம் வாயில்

டிஸ்னிலேண்டின் உள்ளூர்ச் சலுகைக்கு வசிப்பிடத்தைக் காட்டும், அரசு வழங்கிய அடையாள அட்டை வேண்டும். அங்கேயே பல்லாண்டு வாழ்ந்து, விடுதிகளையும் சமையலறைகளையும் துப்புரவு செய்யும் ஆவணமற்ற குடியேறியவர்கள் மாநில ஓட்டுநர் உரிமம் பெறும் வழி 2015 சனவரியில்தான் திறந்தது. அதுவரை அவர்களுள் பலர் வாழ்வால் உள்ளூரார். தாளில் உள்ளூரார் அல்லர். எந்தச் சலுகையிலும், யாருக்குத் தகுதி என்ற கேள்வியுடன் எந்த ஆவணம் என்ற கேள்வியையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

நம் சட்டத்தில்

அரசமைப்புச் சட்டத்தின் 15(2) உறுப்பு அரசை மட்டும் நோக்கிப் பேசவில்லை. மதம், இனம், சாதி, பால், பிறப்பிடம் என்பவற்றை மட்டுமே காரணமாகக் கொண்டு, கடை, உணவகம், விடுதி, பொதுக் கேளிக்கை இடம் ஆகியவற்றில் எந்தக் குடிமகன் மீதும் தடையோ நிபந்தனையோ விதிக்கலாகாது என்கிறது. இதில் 'வசிப்பிடம்' இல்லை. அரசு வேலை பற்றிய 16(2) உறுப்பில் அச்சொல் இருக்கிறது.

இந்த வேறுபாடு 1955இல் டி.பி. ஜோஷி எதிர் மத்திய பாரத் மாநிலம் வழக்கில் முன்வந்தது. இந்தூர் மருத்துவக் கல்லூரி, மத்திய பாரத்தில் வசிப்போருக்கு நன்கொடைக் கட்டணத்திலிருந்து விலக்களித்து, வெளியாரிடம் மட்டும் வசூலித்தது. வசிப்பிடம் வேறு, பிறப்பிடம் வேறு என்று கூறி உச்சநீதிமன்றப் பெரும்பான்மை அதை ஏற்றது. ஆகவே உள்ளூர்ச் சலுகை என்பது மட்டுமே நம் நாட்டிலும் சட்டமீறல் ஆகிவிடாது.

ஆனால் 'உள்ளூரார்' என்று அறிவித்துவிட்டு ஊரின் ஒரு தெருவாரை மட்டும் திருப்பியனுப்பினால் கதை மாறுகிறது. தீண்டாமையின் பேரால் பொதுக் கேளிக்கை இடத்தில் நுழைவைத் தடுப்பது 1955ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவின்படி குற்றம். 2016 சனவரி முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, பட்டியல் சாதியினரையும் பழங்குடியினரையும் அத்தகைய இடத்தில் நுழையவிடாமல் தடுப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(இசட்.ஏ) பிரிவிலும் குற்றம்.

சீட்டா, பங்கா?

இறுதியாக, மிகப் பெரிய கேள்வி. 1955இல் ஆரஞ்சுத் தோட்டங்களின் மீது எழுந்த பூங்கா அது. அனஹைம் நகரம் பொதுப் பணத்தில் கடன்பத்திரம் வெளியிட்டு 1990களில் அதன் விரிவாக்கத்துக்குத் துணைநின்றது. ஆனால் 2018இல் ஏறத்தாழ 5,000 டிஸ்னிலேண்ட் தொழிலாளர்களிடம் எடுக்கப்பட்ட ஆய்வில், நான்கில் மூவர் அடிப்படைச் செலவுக்கே ஊதியம் போதவில்லை என்றனர்; பத்தில் ஒருவர் முந்தைய இரண்டாண்டுகளில் வீடற்று இருந்ததாகக் கூறினர்.

அவ்வாண்டே அனஹைம் வாக்காளர்கள், நகரின் மானியம் பெறும் விடுதி, கேளிக்கை நிறுவனங்கள் உயர்ந்த குறைந்தபட்ச ஊதியம் தரவேண்டும் என்ற 'மெஷர் எல்' விதியை நிறைவேற்றினர். மானியம் ஏதும் பெறவில்லை என்றது டிஸ்னி. 2023இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவ்வாதத்தை மறுத்தது. அடுத்த ஆண்டு 50,000க்கும் மேற்பட்ட தொழிலாளர்களுக்காக 23.3 கோடி டாலர் தர நிறுவனம் இணங்கியது.

சலுகைச் சீட்டையும் இந்தத் தொகையையும் அருகருகே வைத்துப் பாருங்கள். முன்னது நிறுவனம் விரும்பிக் கொடுத்தது, விரும்பினால் நிறுத்திவிடலாம். பின்னது மக்கள் வாக்களித்து, வழக்காடிப் பெற்றது. அதை நிறுத்த நிறுவனத்தால் இயலாது. சலுகைக்கும் உரிமைக்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

எனவே 'உள்ளூர் மக்களுக்குச் சலுகை' என்ற அறிவிப்பை எங்கே கண்டாலும் நான்கு கேள்விகளைக் கேட்போம். 'உள்ளூர்' என்ற கோட்டை யார் வரைந்தார்? அக்கோடு யாரை வெளியே விடுகிறது? எந்த ஆவணம் கேட்கப்படுகிறது, அது யாரிடம் இல்லை? நிலமும் வரியும் உழைப்பும் தந்த மக்களுக்கு ஊதியத்திலும் முடிவெடுப்பதிலும் என்ன பங்கு? முதல் மூன்றுக்கும் நல்ல விடை கிடைத்தாலும், நான்காவதைக் கேட்காமல் திரும்பலாகாது.