மண்டியில் டிபன், இலையில் கணக்கு



விலை, வரி, உரிமம் என்றே எழுதிவரும் நம் இதழில் இம்முறை நம் வயிற்றைப் பற்றி எழுதத் துணிகிறேன். ஜமுனாமரத்தூரிலிருந்து மாதம் ஐந்தாறு தடவை கொள்முதலுக்காகப் போளூருக்கும் வேலூருக்கும் மலையிறங்குகிறவன் நான். விடியற்காலையில் கிளம்பினால் டிபன், மதியச் சாப்பாடு இரண்டும் ஓட்டலில்தான். முப்பது வருடம் அப்படிச் சாப்பிட்டதில் எடை 91 கிலோ ஆயிற்று. லாரியில் ஏறி மூட்டை எண்ண முடியாமல் மூச்சு வாங்கியது. சர்க்கரையும் ஏறியிருந்தது. டாக்டர் நாடாவால் வயிற்றை அளந்தார். நம் நாட்டு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80, அதைத் தாண்டினால் ஆபத்து என்றார். எனக்கு 106.

வீட்டில் குறைத்துக்கொள்வது பெரிய காரியமில்லை. சிக்கலெல்லாம் மண்டியில். நாம் போய் உட்கார்ந்ததும் மண்டிக்காரர் பையனை அனுப்பிப் பொங்கல், வடை, நெய் ரோஸ்ட் வரவழைப்பார். ஒருநாள் வேண்டாம் என்றேன். "என்ன முதலாளி, எங்க இடத்துல கை நனைக்க மாட்டீங்களா?" என்றார். அன்று துவரம் பருப்பு விலையில் ஒரு ரூபாய்கூட இறங்கவில்லை.

இப்போது நான் முந்திக்கொள்கிறேன். உட்காரும்போதே, "எனக்கு ரெண்டு இட்லி, சாம்பார் நிறைய, ஒரு வித்தவுட் காபி சொல்லிடுங்க" என்று கேட்டுவிடுவேன். மறுத்தால்தான் அவருக்கு வருத்தம். கேட்டு வாங்கிச் சாப்பிட்டால் சந்தோஷமே.

இட்லி ஏன் என்றால், அது ஆவியில் வெந்தது. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் சுமார் 120 கலோரி இருக்கிறது. பொங்கலில் மிதக்கும் நெய், வடை குடிக்கும் எண்ணெய் எல்லாம் இந்தக் கணக்கில் வரும். பரோட்டாவுக்கு மாவு பிசையும்போது எண்ணெய், ஊறவைக்கும்போது எண்ணெய், வீசும்போது எண்ணெய், கல்லிலும் எண்ணெய். அதற்கு மேல் சால்னா. அதை நான் விட்டே விட்டேன்.

மதியச் சாப்பாட்டில் நம் தொழில் புத்தியே எதிரி. கொடுத்த காசுக்குச் சரக்கு குறையாமல் வாங்கிப் பழகியவர்கள் நாம். முழுச் சாப்பாட்டுக்கு டோக்கன் வாங்கிவிட்டால் சாம்பார், வத்தக்குழம்பு, ரசம், மோர் என்று நான்கு முறை சோறு வாங்காமல் எழ மனம் வராது. ஆகவே அளவுச் சாப்பாடு கேளுங்கள். சோற்றில் கை வைக்குமுன் பொரியலையும் கூட்டையும் சாப்பிட்டு, இன்னொரு கரண்டி கேளுங்கள். ரசத்தையும் மோரையும் டம்ளரில் வாங்கிக் குடிக்கலாம்.

சாமை சாப்பிட்டால் இளைக்குமா என்று வாடிக்கையாளர்கள் கேட்கிறார்கள். 2023-ஐ ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்த பிறகு இந்தக் கேள்வி அதிகம். நம் மலைச் சாமையை விற்றுப் பிழைக்கிறவன், என் சரக்குக்கே விரோதமாகச் சொல்கிறேன்: ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 அட்டவணைப்படி 100 கிராம் சாமையில் சுமார் 346 கலோரி, பச்சரிசியில் சுமார் 356. பெரிய வித்தியாசமில்லை. நார்ச்சத்துதான் சாமையில் 7.7 கிராம், அரிசியில் 2.8. அதனால் கொஞ்சம் சாப்பிட்டாலே பசி அடங்கும். ஓட்டலில் சாமைப் பொங்கல் என்று நெய்யில் குளிப்பாட்டி வைத்தால் பெயர் மட்டும்தான் சாமை. அதிகம் தீட்டிய சாமையில் நாரும் குறைந்துபோகும். கொள்முதலின்போதே பார்த்து வாங்குங்கள்.

சர்க்கரைக்கு மாத்திரை, ஊசி போடுகிறவர்கள் இளைக்க வேண்டுமென்று வேளைச் சாப்பாட்டைத் தாமாக நிறுத்த வேண்டாம். சர்க்கரை திடீரென இறங்கி மயக்கம் வரும். டாக்டரைக் கேட்டுச் செய்யுங்கள்.

பத்து மாதத்தில் 84 கிலோவுக்கு வந்திருக்கிறேன். லாரியில் ஏற முடிகிறது. போன வாரம் அதே மண்டியில் பையன் இரண்டு தட்டு இட்லி கொண்டுவந்து வைத்தான். ஒன்று எனக்கு, மற்றது மண்டிக்காரருக்கு. அவரையும் டாக்டர் அளந்துவிட்டாராம்.