கடல் கடந்து செல்லும் மணமகளும் அவள் பத்திரங்களும்

கல்முனை தொடங்கி அக்கரைப்பற்று வரையுள்ள கரையோர முஸ்லிம் ஊர்களிலே, மணமகன் மணமகளின் வீட்டுக்கு வந்து வாழ்வதே நெடுங்கால வழக்கமாகும். பெண்ணைப் பெற்றவர் அவளுக்கென ஒரு வீட்டைக் கட்டிக் கொடுப்பர். மருமகன் அதிலே வந்து குடிபுகுவான். ஆதலால், பெண்ணானவள் பிறந்த மண்ணை விட்டுப் பெயர வேண்டிய தேவை முன்னாளில் அரிதாகவே எழுந்தது. அவள் இன்னார் மகள், இன்ன குடியினள், இவ்வளவு படித்தவள் என்பதை ஊரே அறியும். அதற்குச் சான்றுப் பத்திரம் கேட்பார் எவருமிலர்.

1970களின் பின்னர் வளைகுடா நாடுகளில் தொழில் பெருகியபோது, முதலிற் கடல் கடந்தவர் பலர் ஆடவரே. இன்றோ, கட்டாரிலோ பிரித்தானியாவிலோ தொழில் புரியும் கணவனிடம் மனைவியும் செல்கிறாள். அவள் ஆசிரியையாகவோ தாதியாகவோ கணக்காளராகவோ இருத்தல் கூடும். சென்ற நாட்டிலும் தன் தொழிலைத் தொடர விரும்பினால், ஊர் வாயால் கூறிய சாட்சியனைத்தையும் அங்கே பத்திரங்களே கூற வேண்டும்.

முதலில் தெளிய வேண்டியது ஒன்றுண்டு. ஒரு நாட்டில் வசிக்க அனுமதி பெறுவது வேறு. அங்கே தொழில் செய்ய அனுமதி பெறுவது வேறு. பிரித்தானியாவில் வாழ்க்கைத் துணைக்குரிய விசா பெற்றவர் தனியான தொழில் அனுமதியின்றி வேலை செய்யலாம். ஐக்கிய அரபு இராச்சியத்தில், கணவனுடைய பொறுப்பில் வசிக்கும் மனைவி வேலையில் அமர்வதாயின், அவளை அமர்த்துவோர் அவளுக்கெனத் தொழில் அனுமதி பெறுதல் வேண்டும். எனவே, போகும் நாட்டின் விதி யாதென விசாரித்தறிவதே முதற்படியாகும்.

அடுத்தது விவாகச் சான்றிதழ். 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம், பதிவு செய்யப்படாமை ஒன்றினால் மாத்திரம் ஒரு விவாகம் செல்லாததாகாது என்று கூறிற்று. ஆயினும், வெளிநாட்டுத் தூதரகத்துக்கு நிக்காஹ் நடந்ததென்ற சொல் போதாது. பதிவின் அத்தாட்சிப்படுத்திய பிரதியே வேண்டும். மேலும், அச்சட்டம் விவாகப் பிரகடனத்தில் மணமகனும் மணமகளின் வலியும் ஒப்பமிட விதித்ததேயன்றி, மணமகளின் ஒப்பத்தைக் கோரவில்லை. அவளுடைய பெயரை மற்றவர் சொல்ல, பதிவாளர் எழுதிக்கொள்ளும் நிலை இதனால் ஏற்பட்டது. பிழை நுழைவது இவ்விடத்திலேதான். பதிவு நடக்கும் வேளையில் அவளது பிறப்புச் சான்றிதழும் கடவுச்சீட்டும் பதிவாளரின் மேசைமீது இருக்குமாயின், பிற்காலத் தொல்லை பெரிதும் ஒழியும்.

பெயர்ச் சிக்கல் சிறிதெனத் தோன்றும். பிறப்புச் சான்றிதழிலே ‘பாத்துமா’ என்றும், பரீட்சைச் சான்றிதழிலே ‘பாத்திமா’ என்றும் இருந்தால், ஊரில் இருவரும் ஒருவரே. அந்நிய அலுவலகத்திலோ அவர்கள் இருவராவர். இத்தகைய வேறுபாட்டைப் பிரதேச செயலகத்தின் வழியே முறைப்படி திருத்துவது நன்று. சிறு வேறுபாடாயின், இருவரும் ஒருவரே என்னும் சத்தியக்கடதாசி சில இடங்களில் ஏற்கப்படும். அம்பாறை மாவட்டம் மட்டக்களப்பிலிருந்து பிரிந்தது 1961இலாகும். அதற்கு முன் பிறந்த பெற்றோரின் பத்திரங்களில் மட்டக்களப்பு மாவட்டம் என்றிருப்பது பிழையன்று. 2004 டிசம்பர் 26இல் கடல் பொங்கியபோது பல வீடுகளின் பத்திரங்களும் அழிந்தன. ஆயினும் வீட்டிலிருந்தது பிரதியே. பதிவேடு அரசாங்கத்திடம் இருப்பதால், புதிய பிரதி கேட்டுப் பெறலாம்.

கல்விச் சான்றிதழ்களைப் பரீட்சைத் திணைக்களமும் பல்கலைக்கழகமும் உறுதிசெய்தல் வேண்டும். தாதியர், மருத்துவர் முதலானோர்க்கு வளைகுடா நாடுகள் பல இன்னுமொரு சோதனையை வைத்துள்ளன. பட்டத்தையும் சேவையையும், அவற்றை வழங்கிய நிறுவனத்திடமே நேரில் கேட்டு அறியும் முறை அது. ஆகவே சேவைச் சான்றுக் கடிதத்தில் பதவியின் பெயர், தொடங்கிய நாள், முடிந்த நாள், ஒப்பமிட்டவரின் பதவி ஆகியன தெளிவாக இருத்தல் வேண்டும். “நற்குணமுடையவர்” என்ற புகழுரை மட்டும் பயன் தராது.

இப்பத்திரங்கள் செல்லும் வழியை ஒரு சங்கிலிக்கு ஒப்பிடலாம். தமிழில் உள்ளதைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலத்தில் ஆக்குவார். வெளிநாட்டலுவல்கள் அமைச்சின் கொன்சியூலர் பிரிவு அதனை அத்தாட்சிப்படுத்தும். பின்னர் தேவைக்கேற்ப அந்நாட்டுத் தூதரகம் தன் முத்திரையை இடும். ஒவ்வொரு முத்திரையும் தனக்கு முந்திய ஒப்பம் உண்மையானது என்றே கூறுகிறது. உள்ளடக்கத்துக்கு அது சாட்சியன்று. பிழையான பெயர் எத்தனை முத்திரை பெற்றாலும் பிழையாகவே நிற்கும்.

அரசாங்க ஊழியராயுள்ள மணமகள், சம்பளமற்ற விடுமுறைக்கு எழுத்தில் அனுமதி பெறாமற் புறப்படலாகாது. சொல்லாமற் சென்றவர் பதவியைக் கைவிட்டவராகக் கருதப்படுவார். தொழிலுக்கென்றே செல்வோர், 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்திற் பதிந்து செல்ல வேண்டும். விருந்தினர் விசாவிற் சென்று வேலை தேடிக்கொள்ளலாம் என்று கூறும் தரகரின் பேச்சு, சட்டப் பாதுகாப்பில்லாத இடத்திலே பெண்ணை நிறுத்திவிடும்.

முஸ்லிம் பெண்கள் பொதுவாகக் கணவன் பெயரை ஏற்காது தந்தை பெயருடனேயே வாழ்வதனால், கடவுச்சீட்டும் சான்றிதழும் ஒத்திருப்பது ஒரு வசதி. அவற்றின் மூலப்பிரதிகள் அவள் கையிலேயே இருத்தல் வேண்டும். ஒரு தொகுதிப் பிரதி தாய்வீட்டிலும் இருப்பது நன்று.

சீதன வீட்டின் உறுதி பெண்ணின் பெயரில் எழுதப்பட்டமைக்குக் காரணம் உண்டு. கணவன் நோயுற்றாலும் மறைந்தாலும் அவளுக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு கூரை நிலைத்திருக்கும். அந்த வீடு இங்கேயே இருக்க, அவள் அந்நிய நகரில் வாடகை வீட்டில் வாழப் போகிறாள். அங்கே கணவனின் வேலை போய்விடும் நாளில் குடும்பத்தைத் தாங்கக் கூடியது, அவள் தன் தொழிலைச் செய்யும் தகுதியே. ஆதலால், கலியாணச் சேலைக்கும் நகைக்கும் நாள் ஒதுக்கும் பெற்றோர், நிச்சயம் செய்த வாரத்திலேயே மகளின் பிறப்புச் சான்றிதழை எடுத்து, அதிலுள்ள பெயரை ஓரெழுத்தும் விடாது வாசித்துப் பார்ப்பாராக.