ஒரு கோடி ரூபாய் வீட்டுக்கு எவ்வளவு வருமானம் வேண்டும்?

மைசூரு மண்டி மொஹல்லா போன்ற பழைய வியாபாரப் பகுதியில் வாடகைக்கோ லீசுக்கோ குடியிருப்பவர்கள் சொந்த வீடு வாங்க நினைக்கும்போது எழும் சந்தேகங்களுக்கு விளக்கங்கள் இவை. கணக்குக்காக வீட்டின் விலை 1 கோடி ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

முழு விலைக்கும் வங்கி கடன் தருமா?

தராது. ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சம் வரையிலான கடனுக்கு வீட்டு மதிப்பில் 90 சதவீதம், 75 லட்சம் வரை 80 சதவீதம், அதற்கு மேல் 75 சதவீதம் என்பதே உச்சவரம்பு. எனவே 1 கோடி வீட்டுக்கு 75 லட்சம்தான் கிடைக்கும். மீதி 25 லட்சம் உங்கள் கைப்பணம். கர்நாடகத்தில் 45 லட்சத்துக்கு மேற்பட்ட சொத்துக்கு முத்திரைக் கட்டணம் 5 சதவீதம். நகர்ப்பகுதியில் செஸ், கூடுதல் வரி சேர்த்தால் 5.6. பதிவுக் கட்டணம் 2025 ஆகஸ்ட் 31 முதல் 2 சதவீதமாகிவிட்டது. இந்த இரண்டுக்கும் மட்டுமே 7.6 லட்சம் போகும். ஆக, கையில் 32.6 லட்சம் இல்லாமல் இந்த வீட்டைப் பற்றிப் பேசவே முடியாது. பலர் சம்பளத்தை மட்டும் கணக்குப் போட்டு இங்கேதான் சறுக்குகிறார்கள்.

லீசுக்குக் கொடுத்த பணத்தை இதற்குப் பயன்படுத்தலாமா?

பயன்படுத்தலாம். ஆனால் வீட்டைக் காலி செய்த பிறகுதான் அது கைக்கு வரும். முன்பணமும் பதிவுச் செலவும் அதற்கு முன்பே தேவைப்படும். வீட்டுக்காரரிடம் தேதியை எழுத்தில் வாங்கிய பிறகே ஒப்பந்தம் போடுங்கள்.

சரி, மாத வருமானம் எவ்வளவு?

75 லட்சத்துக்கு 8.5 சதவீத வட்டியில் 20 ஆண்டுக்கு மாதத் தவணை சுமார் 65,100 ரூபாய். கைக்கு வரும் வருமானத்தில் பாதிவரை தவணையாகக் கட்டலாம் என்று வங்கி ஒப்புக்கொண்டால் மாதம் 1.3 லட்சம் போதும். பள்ளிக் கட்டணமும் பெற்றோரின் மருந்துச் செலவும் உள்ள குடும்பத்துக்கு அது கழுத்தை நெரிக்கும். 40 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து. அப்படியானால் 1.63 லட்சம் வேண்டும்.

வட்டி ஏறுவதையும் சேர்த்துப் பாருங்கள். 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் ரெப்போ வட்டி 4 சதவீதத்திலிருந்து 6.5 ஆனது. உங்கள் கடன் வட்டியிலும் அதே அளவு ஏற்றம் வந்தால் தவணை 77,400 ரூபாயைத் தொடும். அதையும் கட்ட முடியுமா என்று பார்த்த பிறகே கையெழுத்துப் போட வேண்டும்.

30 ஆண்டு தவணை எடுத்தால் சுமை குறையுமே?

மாதம் 7,400 ரூபாய் குறையும். ஆனால் மொத்த வட்டி 81 லட்சத்திலிருந்து 1.32 கோடிக்கு மேல் போய்விடும். இடையில் அசலைக் கூடுதலாகக் கட்டிக்கொண்டே வருவேன் என்பவர்கள் மட்டும் எடுக்கலாம். தனிநபரின் மாறும் வட்டி வீட்டுக் கடனுக்கு முன்கூட்டிக் கட்டினால் அபராதம் இல்லை.

கடையில் ஆண்டுக்கு 1 கோடி வியாபாரம் நடக்கிறது. எனக்குக் கடன் கிடைக்கும்தானே?

வங்கி கல்லாவைப் பார்க்காது. இரண்டு மூன்று ஆண்டு வருமான வரிக் கணக்கைத்தான் பார்க்கும். அனுமான வரி முறையில், டிஜிட்டல் வரவுக்கு 6 சதவீதம் லாபம் என்று காட்டினால் 1 கோடிக்கு வருமானம் 6 லட்சம். மாதம் 50,000; 40 சதவீதக் கணக்கில் கடன் 23 லட்சம்தான். 6 சதவீதம் என்பது குறைந்தபட்ச அளவு. உண்மையில் 12 லட்சம் சம்பாதிக்கிறீர்கள் என்றால் அதையே காட்டுங்கள். 2025-26 நிதியாண்டு முதல் புதிய வரி முறையில் 12 லட்சம் வரையிலான வருமானத்துக்கு வரி இல்லை. கடன் தகுதி மட்டும் 46 லட்சமாக உயரும். வீடு வாங்க நினைக்கும் வியாபாரி இதை இரண்டு மூன்று ஆண்டுக்கு முன்பே தொடங்க வேண்டும்.

விலையில் ஒரு பகுதியை ரொக்கமாகக் கொடுப்பதும் வருமானத்தைக் குறைத்துக் காட்டுவது போன்ற தவறுதான். பத்திரத்தில் விலை குறைந்தால் கடனும் குறையும். நிலம், வீடு விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுபவர் அதே தொகையை அபராதமாகக் கட்ட நேரிடும்.

என் கைக்கு 80,000 தான் வருகிறது. நான் எந்த விலையில் பார்க்கலாம்?

தவணைக்கு 32,000 ஒதுக்கினால் கடன் சுமார் 37 லட்சம், வீடு 46 லட்சம். கையிருப்பு 13 லட்சம் தேவை. கணவன் மனைவி இருவரும் சம்பாதித்தால் கூட்டாக விண்ணப்பிக்கலாம். ஆனால் ஒருவர் வேலையை விட்டாலும் தவணை நிற்காது.

மண்டி மொஹல்லாவிலேயே பழைய வீடு வாங்குவது எளிதா?

பழைய கட்டடமாக இருந்தால் அதன் மீதி ஆயுளைப் பார்த்து வங்கி 15 ஆண்டு மட்டுமே தரக்கூடும். அப்போது 75 லட்சத்துக்குத் தவணை சுமார் 73,900 ஆகும். தேவைப்படும் வருமானம் 1.85 லட்சத்தை நெருங்கும். பாகப்பிரிவினை ஆகாத குடும்பச் சொத்தென்றால் பெண் மக்கள் உட்பட எல்லா வாரிசுகளின் கையெழுத்தும் வேண்டும். இ-கத்தா (உள்ளாட்சியின் மின்னணுச் சொத்துப் பதிவு), வில்லங்கச் சான்று, தாய்ப் பத்திரங்கள் மூன்றையும் வழக்கறிஞர் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகே முன்பணம் கொடுங்கள்.