நாகரத்தினம்மாள் கேட்ட கேள்வி

திருவையாற்றுத் தியாகராஜர் ஆராதனையில், புஷ்ய பகுள பஞ்சமியன்று பஞ்சரத்தினக் கீர்த்தனைகள் பாடும்போது, பந்தலில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் உட்கார்ந்திருப்பார்கள். அந்தப் பெண்கள் பக்கத்துக்கு இன்னும் நூறு வயதுகூட ஆகவில்லை.

தியாகராஜர் 1847-ல் மறைந்தார். சிதைந்து கிடந்த அவருடைய சமாதியை, பாடிச் சம்பாதித்த பணத்தில் கோயிலாகக் கட்டி 1920-களில் குடமுழுக்கு நடத்தியவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். 1878-ல் நஞ்சன்கூட்டில் பிறந்த தேவதாசி. ஆராதனை நடத்திய பெரிய கட்சி, சின்னக் கட்சி இரண்டும் ஒன்றுக்கொன்று ஆகாது. பெண்களைப் பாட விடக்கூடாது என்பதில் மட்டும் ஒற்றுமை. பணம் வேண்டும், குரல் வேண்டாம்! அந்த அம்மாள் சும்மா இருக்கவில்லை. 1927-ல் ‘பெண்கள் கட்சி’ என்று மூன்றாவதாக ஒன்றைத் தொடங்கி, சமாதிக்குப் பின்புறம் பெண்களைப் பாடவும் கதை சொல்லவும் வைத்தார். 1940-ல் மூன்றும் சேர்ந்தன. மறு ஆண்டு முதல் ஒரே விழா, அதில் பெண்களுக்கும் இடம்.

இதற்கு முன்பே அவர் இன்னொரு சர்ச்சையில் மாட்டியிருந்தார். தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிம்மர் காலத்தில் (1739–1763) அரண்மனையில் இருந்த முத்துப்பழனி, ‘ராதிகா சாந்த்வனம்’ என்ற தெலுங்குக் காவியம் எழுதினார். ராதை தானே வளர்த்த இளா என்ற பெண்ணைக் கண்ணனுக்கு மணமுடித்து வைக்கிறாள். பிறகு பிரிவில் வெந்து கோபிக்கிறாள். கண்ணன் வந்து சமாதானம் செய்கிறான். காமத்தில் பெண்ணுக்கு என்ன வேண்டும் என்பதைப் பெண்ணே சொல்கிற நூல். முகவுரையில் முத்துப்பழனி தன் அழகையும் படிப்பையும் கொஞ்சமும் கூச்சமில்லாமல் எழுதியிருக்கிறார். தன் பரம்பரையைப் பாட்டி, அம்மா வழியில் சொல்கிறார்.

சமூகச் சீர்திருத்தக்காரரான கந்துகூரி வீரேசலிங்கம், பெண் காதால் கேட்கவே கூடாததை இவள் எழுதியிருக்கிறாள் என்று கண்டித்தார். விதவை மறுமணத்துக்காகப் போராடிய மனிதர் அவர்; அவருக்கே இது பொறுக்கவில்லை. முந்தைய பதிப்புகளில் வெட்டப்பட்ட பாடல்களையெல்லாம் சேர்த்து 1910-ல் முழு நூலாகப் பதிப்பித்த நாகரத்தினம்மாள், வெட்கம் என்பது பெண்ணுக்கு மட்டும்தானா, ஆணுக்குக் கிடையாதா என்று திருப்பிக் கேட்டார். இதைவிடப் பச்சையாக எழுதிய ஆண் புலவர்களின் நூல்கள் மதிப்போடு உலவின என்பதுதான் அவர் வாதம். அரசாங்கம் ஆபாசம் என்று சொல்லிப் பிரதிகளைப் பறிமுதல் செய்தது. பிரகாசம் பந்துலு சென்னை மாகாண முதல்வராக இருந்த சமயத்தில்தான் தடை நீங்கியது.

நாகரத்தினம்மாளை அப்பழுக்கற்ற பெண்ணியவாதி என்று சொல்லிவிடவும் முடியாது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தேவதாசி முறையை ஒழிக்கப் பாடுபட்டபோது, நாகரத்தினம்மாள் எதிர்த்தரப்பில் நின்றார். சிறுமிகளுக்குப் பொட்டுக் கட்டுவதைத் தடுக்க வேண்டும் என்றதில் முத்துலட்சுமி சொன்னதே சரி. ஆனால் தங்கள் வாழ்க்கையைப் பற்றிய சட்டத்தில் தங்களைக் கேட்காமல் முடிவெடுக்கலாமா என்று தேவதாசிப் பெண்கள் கேட்டதையும் தள்ளிவிட முடியாது.

வெட்கம் பெண்ணுக்கு மட்டும் என்ற கணக்கு இன்னும் மாறவில்லை. இன்று அதே திருவையாற்றில் கல்லூரிக்குப் போகிற பெண்ணிடம், ஷாலைச் சரியாகப் போடு, போட்டோவை நீக்கிவிடு, பஸ்ஸில் சிரிக்காதே என்கிறார்கள். பாதுகாப்புக்காகத்தான் என்பார்கள். அண்ணன் தம்பிக்கு அந்தப் பட்டியல் கிடையாது. அலங்கரித்துக்கொண்டால் அலட்டல், இல்லையென்றால் பட்டிக்காடு. இரண்டிலும் தீர்ப்புச் சொல்கிறவர் வேறு ஆள். தன் உடம்பைப் பற்றித் தானே முடிவெடுப்பது அந்தரங்க உரிமைக்குள் வரும் என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் தீர்ப்பளித்த பிறகும் நிலைமை இதுதான்.

ஆராதனைக்குப் போகிறவர்கள் தியாகராஜர் சமாதியோடு திரும்பிவிடாதீர்கள். 1952-ல் மறைந்த நாகரத்தினம்மாளின் நினைவிடமும் அங்கேதான் இருக்கிறது. வீட்டுப் பெண்பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள், பையன்களையும்.