கட்டி ஒளிர்ந்தால் போதுமா?

ஏற்காட்டுக்காரர் ஒருவருக்குத் தலையிலோ மார்பிலோ கட்டி என்றால் மலையிறங்கித்தான் ஆக வேண்டும். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனை, அதற்கும் மேல் வேலூர், சென்னை. பெரிய மருத்துவமனைகள் சிலவற்றில் இப்போது, "சாயம் கொடுத்துக் கட்டியை ஒளிர வைத்து எடுப்போம்" என்கிறார்கள். நல்ல முறைதான். ஆனால் கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டியவை உண்டு.

முதல் கேள்வி: எந்தச் சாயம்? மூளைக்கட்டிக்குத் தருவது 5-ஏஎல்ஏ என்ற மருந்து. மயக்க மருந்துக்குச் சுமார் மூன்று மணி நேரம் முன்பு குடிக்கக் கொடுப்பார்கள். நீல ஒளியில் கட்டி ரோஜாச் சிவப்பாகத் தெரியும். 2006-இல் வெளியான ஜெர்மானிய ஆய்வில், இந்த மருந்து பெற்றவர்களில் 65 சதவீதத்தினருக்கு, ஸ்கேனில் தெரிந்த கட்டி முழுதும் அகற்றப்பட்டது; சாதாரண விளக்கொளியில் செய்தபோது 36 சதவீதம்தான். இன்னொன்று ஐசிஜி, 1959 முதல் புழக்கத்தில் இருக்கும் பச்சைச் சாயம். மார்பகப் புற்றுநோயில், நோய் முதலில் பரவும் அக்குள் நிணநீர்க் கணுவைக் கண்டுபிடிக்க உதவுகிறது. ஆனால் அது புற்றுநோயைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்வதில்லை. ரத்தமும் நிணநீரும் போகும் வழியே போகிறது.

ஆகவே ஒளிர்வதெல்லாம் புற்றுநோயும் இல்லை, ஒளிராததெல்லாம் நல்ல சதையும் இல்லை. வீரியம் குறைந்த மூளைக்கட்டிகள் பல ஒளிர்வதே இல்லை. எடுத்த சதையைப் பரிசோதித்து நோயியல் மருத்துவர் தரும் அறிக்கையே தீர்ப்பு.

ஐசிஜி மருந்தில் அயோடின் கலந்திருப்பதுண்டு. பழைய ஒவ்வாமை எதையும் மறைக்காதீர்கள். 5-ஏஎல்ஏ குடித்தவர் 48 மணி நேரம் வெயிலையும் பளிச்சென்ற விளக்கையும் தவிர்க்க வேண்டும். போர்பிரியா என்ற அரிய வளர்சிதை மாற்ற நோய் உள்ளவருக்கு இதைக் கொடுக்கவே கூடாது. படுக்கை ஜன்னலோரம் என்றால் திரையை இழுத்துவிடுவது உடனிருப்பவரின் வேலை. மருந்தைக் குடித்தபின் அறுவை சிகிச்சை தள்ளிப்போனாலும் இதே கட்டுப்பாடுதான். ஏற்காட்டுப் பனிமூட்டத்தில் வெயில் ஏது என்று நினைக்க வேண்டாம். பகல் வெளிச்சமே தோலைப் புண்ணாக்கலாம். சன்ஸ்கிரீன் இதைத் தடுக்காது.

சிகிச்சையின் தன்மை, ஆபத்து, மாற்றுவழி ஆகியவற்றைச் சொல்லித்தான் சம்மதம் வாங்க வேண்டும் என்று 2008-இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. புதுச் சாயம் என்றால், "இது ஆராய்ச்சியா?" என்று நேராகக் கேளுங்கள். ஆராய்ச்சி என்றால் மருந்து ஆய்வுகளுக்கான 2019-ஆம் ஆண்டு விதிகள் பொருந்தும்: அதனால் பாதிப்பு வந்தால் இழப்பீடு உண்டு, அதில் சேர மறுத்தாலும் வழக்கமான சிகிச்சையை நிறுத்தக்கூடாது, எழுதப்படிக்கத் தெரியாத தோட்டத் தொழிலாளிக்குச் சார்பற்ற சாட்சி ஒருவர் உடனிருக்க வேண்டும்.

செலவு இன்னொரு தலைவலி. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். சாயமும், அது ஒளிர்வதைக் காட்டும் கேமராவும் அந்தத் தொகைக்குள் அடங்குமா, தனியே கட்ட வேண்டுமா என்பதை முன்கூட்டியே எழுத்தில் வாங்குங்கள். சந்தேகம் இருந்தால் 1800 425 3993 என்ற இலவச எண்ணில் விசாரிக்கலாம்.

மருத்துவ ஆவணங்களைக் கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது விதி. கட்டணம் வாங்கும் மருத்துவமனையில் சேவைக் குறை நேர்ந்தால் இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். அங்கே பேசப்போவது ஆவணங்கள்தான். டிஸ்சார்ஜ் சுருக்கம், சம்மதப் படிவ நகல், நோயியல் அறிக்கை மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். நோயியல் அறிக்கை வரச் சில நாள் ஆகும். அது எந்தத் தேதியில், யாரிடம் கிடைக்கும் என்று கேட்டு எழுதிக்கொள்ளாமல் மலையேறாதீர்கள்.