மேசைமேல் ஒரு மலை ரயில்

வீட்டின் ஓர் அறையில், மேசையளவுள்ள பலகையின் மீது மலையும் பாலமும் நிலையமும் அமைத்து, அவற்றினூடே சிறு ரயிலை ஓடச் செய்வது பலரும் விரும்பும் பொழுதுபோக்காகும். ஆயினும், இம்முயற்சியில் ஈடுபடுவோர் பலர் தொடக்கத்திலேயே மனந்தளர்ந்து விடுகின்றனர். வளைவில் பெட்டிகள் தடம்புரள்கின்றன. ஏற்றத்தில் எஞ்சினின் சக்கரங்கள் சுழல்கின்றனவேயன்றி வண்டி நகர்வதில்லை. எல்லாம் செவ்வனே ஓடினாலும் காட்சி வெறும் பொம்மையாகவே தோன்றுகின்றது. இவற்றிற்குப் பெரும்பாலும் கைத்திறக் குறைவு காரணமன்று. பெரிய ரயிலைச் சிறிதாக்கும்பொழுது எவை சுருங்கும், எவை சுருங்கா என்பதை முன்கூட்டிக் கணக்கிடாமையே காரணமாகும்.

தக்க பாதையைத் தெரிந்தெடுத்தல்

ஓர் அடியை 4 மில்லிமீட்டராகக் குறைப்பது மாதிரி ரயில் அமைப்போர் பெரிதும் கையாளும் அளவுகளுள் ஒன்று. இதன்படி ஒவ்வொரு நீளமும் ஏறத்தாழ 76-இல் ஒரு பங்காகின்றது. இந்திய அகல இருப்புப்பாதையில் வளைவின் ஆரம் 175 மீட்டருக்குக் குறையலாகாது என்பது விதி. இதனை 76 ஆல் வகுத்தால் 2.3 மீட்டர் கிடைக்கின்றது. அதாவது, ஒரு முழு வட்டம் அமைக்கவே 4.6 மீட்டர் அகலமுள்ள அறை வேண்டும். சிறிய பலகையில் இதை அமைக்க முயல்வோர் வளைவைப் பன்மடங்கு குறுக்கிவிடுகின்றனர். நீண்ட பெட்டிகள் தடம்புரள்வதும், காட்சி பொருந்தாமல் நிற்பதும் இதன் விளைவேயாகும்.

ஆகவே, உண்மையிலேயே குறுகிய இடத்தில் வளைந்து செல்லும் பாதை ஒன்றைத் தெரிந்தெடுப்பதே அறிவுடைமை. அத்தகைய பாதை நம் நாட்டிலேயே உள்ளது. 1879-இல் தொடங்கப்பெற்று 1881-இல் டார்ஜீலிங் வரை முடிக்கப்பெற்ற இமாலய ரயில்பாதையின் அகலம் 610 மி.மீ. மட்டுமே. இன்று நியூ ஜல்பாய்குரியிலிருந்து டார்ஜீலிங் வரை 88 கிலோமீட்டர் நீளமுள்ள இப்பாதை, ஏறத்தாழ 100 மீட்டர் உயரத்தில் புறப்பட்டு, கூம் நிலையத்தில் 2,258 மீட்டர் உயரத்தை எட்டுகின்றது. வழியில் ஒரு சுரங்கம்கூட இல்லை. மலையைத் துளைப்பதற்குப் பதிலாக, பாதை தன்னையே சுற்றி மேலேறும் வளையங்களாலும், முன்னும் பின்னுமாகச் சென்று உயரம் பெறும் திருப்பங்களாலும் பொறியாளர்கள் இச்சிக்கலைத் தீர்த்தனர். இன்று மூன்று வளையங்களும் ஆறு திருப்பங்களும் உள்ளன. யுனெஸ்கோ 1999-இல் இதனை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

இப்பாதையின் மிகக் கூரிய வளைவின் ஆரம் ஏறத்தாழ 18 மீட்டர். 76 ஆல் வகுத்தால் இது 24 சென்டிமீட்டரே. ஆதலால், உண்மையான வளைவைச் சிறிதும் குறுக்காமல் 120 செ.மீ. நீளமும் 75 செ.மீ. அகலமும் உள்ள பலகையில் அடக்கிவிடலாம். 610 மி.மீ. அகலம் இந்த அளவில் 8 மி.மீ. ஆகும். கடைகளில் கிடைக்கும் 9 மி.மீ. அகலத் தண்டவாளம் இதற்கு மிக நெருங்கியது. சிறு ரயில்களுக்கென விற்கப்படும் அத்தண்டவாளத்தில் குறுக்குக்கட்டைகள் மிக நெருக்கமாக இருக்கும்; மலைப்பாதைக்கென அகன்ற இடைவெளியுடன் செய்யப்பட்டதை வாங்குதல் நலம்.

சரிவுக் கணக்கு

பாதையின் அமைப்பு எளியது. 24 செ.மீ. ஆரமுள்ள உள்வளையம் ஒன்றும், அதனைச் சூழ்ந்து, முனைகளில் 32 செ.மீ. ஆரமும் இடையே இருபுறமும் 40 செ.மீ. நேர்ப்பாதையும் உள்ள வெளிவளையம் ஒன்றும் தேவை. இவ்விரண்டும் ஒரே தொடர்ச்சியான பாதையாகும். ஓரிடத்தில் மட்டும் பாதை தன்னையே பாலத்தின் மேல் கடக்கின்றது. நிலையத்திலிருந்து புறப்படும் வண்டி பாலத்தின் அடியில் நுழைந்து, உள்வளையத்தைச் சுற்றி மேலேறி, அதே பாலத்தின் மீது வெளிவந்து, வெளிவளையத்தின் வழியே இறங்கி நிலையத்தை அடையும்.

வண்டியின் உயரம் 4 செ.மீ. எனக் கொண்டால், பாலத்தின் தடிப்பும் இடைவெளியும் சேர்த்து மேல் தண்டவாளம் கீழ்த் தண்டவாளத்தைவிட 5 செ.மீ. உயர்ந்திருக்க வேண்டும். உள்வளையத்தின் சுற்றளவு 151 செ.மீ. எனவே ஏற்றம் 30-க்கு 1. டார்ஜீலிங் பாதையிலும் பொதுவான ஏற்றம் ஏறத்தாழ இதுவேயாகும். வெளிவளையத்தின் சுற்றளவு 281 செ.மீ.; அதில் 80 செ.மீ. நிலையத்திற்காகச் சமமாக விடப்பட்டால், எஞ்சிய 200 செ.மீ. தொலைவில் இறக்கம் 40-க்கு 1.

நீளம் சுருங்கினாலும் சரிவு சுருங்காது என்பது இங்குக் கவனிக்கத்தக்கது. சரிவு ஒரு விகிதம். 30-க்கு 1 என்பது மலையிலும் மேசையிலும் ஒன்றே. இரண்டிடத்திலும் ஒவ்வொரு பெட்டியும் தன் எடையில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு விசையுடன் எஞ்சினைப் பின்னுக்கு இழுக்கின்றது. மூன்று பெட்டிகளுக்கு மேல் இணைக்காதிருத்தல் நன்று.

எடையோ நீளத்தைவிட மிக விரைவாகக் குறைகின்றது. நீளம், அகலம், உயரம் ஆகிய மூன்றும் 76-இல் ஒரு பங்காகும்பொழுது, எடை நான்கு இலட்சத்தில் ஒரு பங்குக்கும் கீழாகின்றது. 14 டன் எஞ்சின் ஒன்றைக் கணக்குப்படி சுருக்கினால் எடை 32 கிராமே இருக்கும். இவ்வளவு இலேசான எஞ்சினால் தண்டவாளத்தைப் பற்றி இழுக்கவும், அதிலிருந்து மின்சாரத்தைத் தடையின்றிப் பெறவும் இயலாது. இதனால்தான் மாதிரி எஞ்சின்களுக்குள் உலோகத் துண்டுகள் வைத்து எடை கூட்டப்படுகின்றது.

பலகையும் தண்டவாளமும்

9 மி.மீ. ஒட்டுப்பலகையை மரச்சட்டத்தின் மீது பொருத்தி, அடிப்புறத்திற்கும் வர்ணம் பூச வேண்டும். இல்லையேல் மழைக்கால ஈரத்தில் பலகை நெளியும். உள்வளையத்தின் ஓரமாக 30 செ.மீ.க்கு ஒன்று வீதம் 1, 2, 3, 4, 5 செ.மீ. உயரமுள்ள மரக்கட்டைகளை நிறுத்தி, அவற்றின் மேல் மெல்லிய ஒட்டுப்பலகையாலான தளத்தைப் படிய வைத்தால் சரிவு சீராக அமையும். வெளிவளையத்தில் 40 செ.மீ.க்கு ஒரு சென்டிமீட்டர் இறங்கினால் போதும். சரிவு திடீரெனத் தொடங்கினால் பெட்டிகள் கழன்றுவிடும். ஆதலால் தொடக்கத்திலும் முடிவிலும் அதனைப் படிப்படியாக மாற்ற வேண்டும். இதனால் நடுப்பகுதி சற்றே செங்குத்தாவது தவிர்க்க முடியாதது.

தண்டவாள இணைப்புகளில் அரை மில்லிமீட்டர் இடைவெளி விடுதல் அவசியம். ஒரு மீட்டர் நீளமுள்ள உலோகத் தண்டவாளம் 30 டிகிரி செல்சியஸ் வெப்ப மாறுதலில் ஏறக்குறைய அவ்வளவே நீளுகின்றது.

எஞ்சின் பெரும்பாலும் 12 வோல்ட் நேர்மின்னோட்டத்தால் இயங்குகின்றது. ஒரு தண்டவாளம் நேர்முனை, மற்றது எதிர்முனை. முனைகளை மாற்றினால் வண்டி பின்னோக்கிச் செல்லும். மேற்கூறிய அமைப்பில் ஒரு தண்டவாளம் மற்றதனோடு எங்கும் சேர்வதில்லையாதலால் குறுக்குச்சுற்று நேராது. வீட்டு மின்சாரத்தை நேரடியாகத் தொடும் எவ்வேலையையும் செய்யலாகாது. தரச்சான்று பெற்ற, மூடிய மின்மாற்றியையே பயன்படுத்த வேண்டும்.

மலையும் காட்சியும்

பாதை பலமுறை ஓடிச் சோதிக்கப்பட்ட பின்னரே மலை அமைக்கத் தொடங்க வேண்டும். அட்டைச் சட்டங்களின் மீது கம்பிவலை விரித்து, பசையில் தோய்த்த செய்தித்தாள் துண்டுகளை இரண்டு மூன்று படலமாக ஒட்டி, உலர்ந்தபின் பாரிஸ் சாந்தை மெல்லியதாகப் பூசினால் இலேசான, உறுதியான மலை கிடைக்கும். சாயமிட்ட மரத்தூள் புல்வெளியாகும். கொய்வதற்காகக் கத்தரிக்கப்பட்ட தேயிலைச் செடி ஏறத்தாழ 3 அடி உயரமுடையது; மாதிரியில் 12 மி.மீ. போதும்.

எல்லாவற்றையும் அளவுப்படி அமைத்தல் இயலாது. 8,586 மீட்டர் உயரமுள்ள காஞ்சன்ஜங்கா இந்த அளவில் 113 மீட்டராக இருக்கும்! ஆகவே தொலைவை ஓவியத்தால்தான் காட்ட வேண்டும். பலகையின் பின்புறத் திரையில் அண்மை மலைகளைப் பச்சையாகவும், சேய்மை மலைகளை வெளிறிய நீலமாகவும் தீட்டுதல் வேண்டும். காற்று நீல ஒளியை மிகுதியாகச் சிதறச் செய்வதால் தொலைமலைகள் நீலமாகத் தோன்றுகின்றன. கண் அந்நிறத்தையே தொலைவின் அடையாளமாகக் கொள்கின்றது.

பாதையின் மேற்புறச் சரிவில் தாங்குசுவரும், அடியில் மழைநீர் வடிகாலும் அமைக்க மறக்கலாகாது. இவை அழகுக்காக மட்டும் அல்ல. 2010, 2011 ஆகிய ஆண்டுகளில் ஏற்பட்ட மண்சரிவுகளால் டார்ஜீலிங் பாதை துண்டிக்கப்பட்டு, 2015-இல்தான் முழுமையாக மீண்டும் திறக்கப்பட்டது. மலைப்பாதையின் ஆயுள் அதன் எஞ்சினைவிட அதன் வடிகாலையே பெரிதும் சார்ந்திருக்கின்றது.

வேகம்

காலமும் சுருங்குவதில்லை. மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் செல்லும் மலை ரயில், மாதிரியில் வினாடிக்கு ஐந்தரை சென்டிமீட்டரே நகர வேண்டும். 432 செ.மீ. நீளமுள்ள நம் பாதையை ஒருமுறை சுற்றிவர ஒரு நிமிடம் இருபது வினாடி ஆகும். இதனினும் விரைவாக ஓட்டினால், எத்துணை நுட்பமாகச் செய்யப்பட்ட காட்சியும் பொம்மையாகிவிடும்.

மலையில் இடமின்மையால் நேர்ந்த இடர்ப்பாடு, மேசையில் இடமின்மையால் நேரும் இடர்ப்பாட்டிற்கு ஒப்பானதே. இரண்டுக்கும் தீர்வும் ஒன்றே. வண்டி மெதுவாகப் பாலத்தின் அடியில் மறைந்து, சுற்றி ஏறி, அதே பாலத்தின் மேல் வெளிப்படும்பொழுது, பொறியாளர்கள் அன்று போட்ட கணக்கை அவ்வீட்டுச் சிறுவர் சிறுமியர் தம் கண்ணெதிரே காண்பர். சுண்ணாம்புக்கட்டியும் அளவுகோலும் கொடுத்தால் தாமே போட்டும் பார்ப்பர்.