கல்லுக்கும் ஊர் உண்டு

கனிமக் கற்களைத் தேடிச் சேர்ப்பது ஜேர்மனியரிடையே நெடுங்காலமாக நிலவிவரும் ஒரு பொழுதுபோக்காகும். எம்மவர் பலருக்கு இது புதியதாகத் தோன்றலாம். ஆயினும் இந்நாட்டுக் கனிமவியலின் வரலாற்றில் நாம் பிறந்த தீவுக்கும் ஓர் இடம் உண்டு. இங்கு வளரும் எமது பிள்ளைகள் அதனை அறிந்திருத்தல் நன்று.

கனிமச் சேகரிப்பாளர்கள் ஒரு விதியை எல்லாவற்றிலும் மேலாகப் போற்றுவர். ஒவ்வொரு கல்லுடனும் அதன் பெயரையும் கண்டெடுத்த இடத்தையும் குறித்த சீட்டு இருத்தல் வேண்டும் என்பதே அது. எத்துணை அழகிய கல்லாயினும், எங்கிருந்து வந்தது எனத் தெரியாவிடின் அதன் அறிவியல் மதிப்புப் பெரிதும் குறைந்துவிடும். அவ்வாறு ஊர்ப்பெயரோடு ஐரோப்பா வந்த கற்களுள் இலங்கைக் கற்களும் அடங்கும்.

'தோரமல்லி' என்னும் சிங்களச் சொல்லிலிருந்தே 'துர்மாலின்' என்ற பெயர் பிறந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒல்லாந்தர் இக்கல்லை ஐரோப்பாவுக்குக் கொண்டுவந்தனர். சூடாக்கினால் அது சாம்பலை ஈர்ப்பது மக்களை வியப்பில் ஆழ்த்தியது. அவ்வீர்ப்புக்கு மின்னேற்றமே காரணம் என்பதை 1756இல் பேர்லினில் ஏப்பினுஸ் என்னும் அறிஞர் விளக்கினார். அதே பேர்லினில் 1789இல் மார்ற்றின் கிளாப்றோத், இலங்கையின் சிர்க்கோன் கல்லை ஆராய்ந்து, அதுவரை அறியப்படாத சிர்க்கோனியம் என்னும் மூலகம் அதில் இருப்பதைக் கண்டார். புல்மோட்டைக் கடற்கரை மணலிலும் இல்மனைற்றுடன் கலந்து கிடைப்பது இதே சிர்க்கோன்தான்.

கலை வரலாற்று அறிஞராக உலகம் போற்றும் ஆனந்த குமாரசுவாமியும் தொடக்கத்தில் ஒரு கனிமவியலாளரே. சேர் முத்துக்குமாரசுவாமியின் மைந்தராக 1877இல் கொழும்பில் பிறந்த அவர், இலங்கைக் கனிமவள ஆய்வுப் பகுதியின் பணிப்பாளராகக் கடமையாற்றினார். அக்காலத்தில் அவர் ஆராய்ந்த பாரமான கருநிறக் கனிமமே 'தோரியனைற்' எனப் பெயர் பெற்றது. 1905இல் இலண்டனில் ஆய்வு செய்துகொண்டிருந்த இளம் ஜேர்மனியரான ஒற்றோ ஹான், இலங்கையிலிருந்து வந்த இத்தாதுவிலேயே புதியதொரு கதிரியக்கப் பொருளைக் கண்டறிந்தார். பின்னாளில் அணுக்கருப் பிளவுக்காக 1944ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பெற்றவர் இவரே.

ஜேர்மனியருள்ளும் வறுமையால் புலம்பெயர்ந்தோர் இருந்தனர். நாகே ஆற்றங்கரையிலுள்ள இடார்-ஓபர்ஸ்ரைன், அகேற் கற்களை வெட்டி மெருகிட்டு வாழ்ந்த ஊராகும். உள்ளூர்ச் சுரங்கங்களின் வளம் குன்றியபோது பலர் பிரேசில் நாட்டில் குடியேறினர். அங்கு கண்ட அகேற் கற்களை அவர்கள் 1830களில் தாயகத்துக்கு அனுப்பத் தொடங்கினர். ஊரின் தொழில் மீண்டும் தழைத்தது. அங்குள்ள நூதனசாலைகளையும் ஷ்ரைன்கவுலன்பேர்க் சுரங்கத்தையும் பொதுமக்கள் பார்வையிடலாம்.

1765இல் நிறுவப்பட்ட சுரங்கவியற் பல்கலைக்கழகத்தைக் கொண்ட சக்சன் மாநிலத்துப் பிறைபேர்க் நகரில், 2008 முதல் 'தெரா மினெராலியா' என்னும் பெருங் காட்சியகம் இயங்கி வருகின்றது. மியூனிச் நகரின் கனிமச் சந்தை 1964இல் தொடங்கியது. சேகரிப்பில் நாட்டமுள்ளோர், 'பௌ.எவ்.எம்.கே.' எனச் சுருக்கமாக வழங்கப்படும் கனிமவியல், புவியியல் நண்பர் சங்கத்தை நாடலாம். 1950இல் உருவான இச்சங்கத்துக்குப் பல பிரதேசங்களில் கிளைகள் உள்ளன. கல்லை இனங்காணக் கற்பதோடு, அயலவருடன் ஜேர்மன் மொழியில் உரையாடிப் பழகவும் இத்தகைய சங்கங்கள் வாய்ப்பளிக்கும்.

சில எச்சரிக்கைகளும் அவசியம். கற்குழிகளுக்குள் செல்வதாயின் உரிமையாளரின் அனுமதி பெறல் வேண்டும். இயற்கைப் பாதுகாப்புப் பகுதிகளில் கற்களை உடைப்பதோ எடுப்பதோ கூடாது. கைவிடப்பட்ட சுரங்கங்களினுள் நுழைவது உயிராபத்தானது. தஞ்சக் கோரிக்கை நிலுவையிலுள்ளோரில் நடமாட்டக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவர்கள், வெளிமாவட்டப் பயணத்துக்கு முன்னர் உரிய அலுவலகத்தில் அனுமதி பெறுவது நலம்.

எமது தாயகத்தைப் போர்ச் செய்திகளின் வாயிலாக மட்டுமே அறிந்த பிள்ளைகள் பலர். அவர்களை ஒருமுறை கனிமக் காட்சியகமொன்றுக்கு அழைத்துச் சென்று, சிர்க்கோனும் துர்மாலினும் வைக்கப்பட்டிருக்கும் பேழைகளின் சீட்டுகளை வாசிக்கச் சொல்லுங்கள். 'சிலோன்' அல்லது 'சிறிலங்கா' என்ற பெயரை அங்கு கண்டால், அதன் பின்னாலுள்ள வரலாற்றை எடுத்துக்கூறுங்கள்.